எண்ணெய்க் குதங்களும் மின்காரும்: ஒரு கேள்வியின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவைச் சுற்றிச் சீனக்குடாப் பக்கமாகச் செல்வோர், காடு மண்டிய மேட்டுநிலத்திலே வரிசை வரிசையாக நிற்கும் பாரிய இரும்புக் குதங்களைக் காண்பர். 1930 ஆம் ஆண்டுகளிலே பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்கு எண்ணெய் சேமித்து வைக்கக் கட்டியவை இவை. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் எண்ணெயை ஏற்கவல்லது.

இத்துணைப் பெரிய களஞ்சியம் வாயிற்புறத்தே இருந்தும், 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இந்நகர மக்கள் சில லீற்றர் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையிலே காத்து நின்றனர். இக்கட்டுரையாளனும் அவ்வாறு நின்றவருள் ஒருவன். எனக்கு முன்னே நின்ற முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர், "மாஸ்டர், கரண்டிலே ஓடுகிற வண்டி உலகத்திலே இருக்கிறதுதானே? பிறகு ஏன் நாங்கள் இந்தக் கரைச்சல் படுகிறோம்?" என்று கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையை வரலாற்றிலே தேடியதன் பயனே இக்கட்டுரை.

கேள்வி என்பது யாது?

பொருளியலார் 'கேள்வி' என்னும் சொல்லை வெறும் விருப்பம் என்னும் பொருளில் வழங்குவதில்லை. கடைக்கண்ணாடியின் ஊடே ஒரு பொருளைப் பார்த்து ஏங்குபவனுடைய ஏக்கம் கேள்வியாகாது; வாங்கும் ஆற்றலோடு கூடிய விருப்பமே கேள்வியாகும். இஃது அரிசிக்கும் துணிக்கும் பொருந்தும். ஆயின், பத்தாண்டு பதினைந்தாண்டு உழைக்கவேண்டிய ஊர்தி போன்ற பொருளுக்கு இவ்விரண்டும் போதா. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது நம்பிக்கை. வழியிலே வண்டி நின்றுவிடாது, பழுதுபார்ப்போர் கிடைப்பர், அரசின் வரி நாளையே தலைகீழாகாது, விற்க நேரின் விலை கிடைக்கும் என்னும் உறுதிப்பாடே அந்நம்பிக்கை.

விருப்பம், ஆற்றல், நம்பிக்கை என்னும் இம்மூன்றும் ஒருங்கு கூடிய காலத்தில் மின்காருக்குக் கேள்வி பெருகியது. ஒன்று தவறியபோதும் அருகியது. இவற்றுள் முதலிரண்டும் வாங்குவோனைச் சார்ந்தவை. மூன்றாவது பெரும்பாலும் அரசையும் சமூகத்தையும் சார்ந்தது. இதனை நிறுவுவதே எம் நோக்கம்.

முதல் எழுச்சியும் வீழ்ச்சியும்

மின்கார் புதிய கண்டுபிடிப்பு என்று கருதுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. பிரான்சு நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே மீளமீள மின்னேற்றக்கூடிய ஈய மின்கலத்தை 1859 ஆம் ஆண்டிலேயே ஆக்கினார். 1897 ஆம் ஆண்டிலே இலண்டனிலும் நியூயோர்க்கிலும் மின்னால் ஓடும் வாடகை வண்டிகள் தெருவுக்கு வந்தன. 1899 ஆம் ஆண்டிலே மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் வேக எல்லையை முதன்முதலாகக் கடந்த மோட்டார் வண்டியும் மின்வண்டியே. 1900 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளுள் நீராவியால் இயங்கியவை 1,681. மின்னால் இயங்கியவை 1,575. பெற்றோலால் இயங்கியவை 936 மட்டுமே.

அக்காலத்தில் மின்வண்டியின்மேல் மக்களுக்கு விருப்பம் எழுந்ததற்குக் காரணம் வெளிப்படை. பெற்றோல் வண்டி புகை கக்கியது, பேரிரைச்சல் இட்டது, அதனை இயக்குதற்கு முன்பக்கத்துக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டியிருந்தது, பின்னடித்த பிடியினால் கை முறிந்தோரும் உளர். மின்வண்டியோ ஓசையின்றிப் புறப்பட்டது. பெற்றோல் காரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி போர்டின் மனைவியாரே மின்கார் ஒன்றை வைத்து ஓட்டினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இவ்வளவு நற்பெயர் பெற்ற வண்டி அடுத்த இருபது ஆண்டுகளிலே மறைந்தது ஏன்? 1901 ஆம் ஆண்டிலே டெக்சாஸ் மாநிலத்திலே பெரும் எண்ணெய் ஊற்று வெளிப்பட, எரிபொருள் மலிந்தது. 1908 ஆம் ஆண்டிலே வெளிவந்த போர்டின் 'ரி' மாதிரிக் கார், தொடர்முறை உற்பத்தியினால் ஆண்டுதோறும் விலை குறைந்தது. 1912 ஆம் ஆண்டளவில் பெற்றோல் கார் ஒன்று 650 டொலருக்குக் கிடைக்க, மின்கார் 1,750 டொலராக இருந்தது. அவ்வாண்டிலேயே சார்ள்ஸ் கெற்றெறிங் அமைத்த மின்தொடக்கி காடிலாக் காரிலே பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றும் தொல்லை அதனோடு ஒழிந்தது. மின்காரின் எதிரிக்கு வாழ்வளித்தது மின்சாரமே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இவையனைத்தினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுப்புறங்களுக்கு அன்று மின்கம்பி எட்டவில்லை. பெற்றோலையோ தகரங்களில் அடைத்து எந்தக் கிராமக் கடையிலும் விற்கலாம். நகரத்துக்கு அப்பால் செல்ல விரும்பியவன் மின்காரை நம்ப இயலவில்லை. விருப்பம் இருந்தது, விலையேற்றத்தால் ஆற்றல் குன்றியது, வழியிலே மின்னேற்றும் இடமின்மையால் நம்பிக்கை அற்றது. கேள்வியும் மறைந்தது.

கப்பல்களும் குதங்களும்

அதே காலத்திலே கடலிலும் ஓர் எரிபொருள் மாற்றம் நிகழ்ந்தது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறலாயிற்று. 1911 ஆம் ஆண்டிலே கடற்படை அமைச்சரான வின்ஸ்ரன் சேர்ச்சில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தினார். எண்ணெய்க் கப்பல் விரைவாகச் செல்லும். நிலக்கரி அள்ளும் கூலியாட்கள் வேண்டா. கடலிலேயே எரிபொருள் நிரப்பலாம். ஆயின் பிரித்தானியாவிலே நிலக்கரி நிறைய உண்டு; எண்ணெயோ பெரும்பாலும் பிறநாட்டிலிருந்தே வரவேண்டும். கையிலிருப்பதை விட்டுக் கடல்கடந்து வருவதை நம்புவது எவ்வாறு?

இவ்வினாவுக்கு அவ்வரசு இரண்டு வகையால் விடை கண்டது. 1914 ஆம் ஆண்டிலே பாரசீகத்து எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. பின்னர்த் தன் கப்பல்கள் செல்லும் கடல்வழி நெடுகிலும் எண்ணெய்க் குதங்களை நிறுவியது. சீனக்குடாவிலுள்ள குதங்கள் அவ்வரிசையைச் சேர்ந்தவை. புதிய எரிபொருளுக்கு மாறிய அரசு கப்பலை மட்டும் கட்டவில்லை. கப்பற்றலைவன் எரிபொருளின்றி நடுக்கடலில் நிற்கமாட்டான் என்னும் உறுதியையும் கட்டியது. இரும்பால் ஆக்கிய நம்பிக்கையே இக்குதங்கள் எனலாம். அமெரிக்க நாட்டுப்புறத்தில் மின்காருக்குக் கிட்டாதது எதுவோ, அதுவே இங்கு எண்ணெய்க் கப்பலுக்குக் கிட்டியது.

யப்பானின் அனுபவம்

1941 ஆம் ஆண்டிலே அமெரிக்கா யப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. தன் எண்ணெயின் பெரும்பகுதிக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த யப்பான், தென்கிழக்காசியாவின் எண்ணெய் வயல்களை நாடிப் போரிலே குதித்தது. அப்போரின் அலை 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 ஆம் நாள் எம் ஊரை வந்து தாக்கியது. யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் சீனக்குடா விமானத்தளத்தின்மீதும் குண்டு பொழிந்தன. குதம் ஒன்று தீக்கிரையானது. எண்ணெயின்மை தூண்டிய போர் எண்ணெய்க் குதத்தை எரித்தது.

போர் முடிந்தபின் யப்பானிலே பெற்றோல் கடுங் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. மின்சாரமோ, ஆலைகள் பல அழிந்தமையால், எஞ்சிக் கிடந்தது. போர்க்காலத்திலே விமானம் செய்த தொழிற்சாலை ஒன்றின் பொறியியலாளர்கள் 1947 ஆம் ஆண்டிலே 'தாமா' என்னும் சிறு மின்காரை ஆக்கினர். அது மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் செல்லும். அதன் மின்கலப் பெட்டிகளைக் கழற்றி மின்னேற்றிய வேறு பெட்டிகளை மாட்டும் வசதியும் இருந்தது. வாடகை வண்டியாக அது பெரிதும் ஓடியது. 1950 ஆம் ஆண்டிலே கொரியப் போர் மூண்டதும் ஈயத்தின் விலை ஏறியது. பெற்றோல் கிடைப்பது எளிதாயிற்று. சின்னாளில் தாமாவின் உற்பத்தி நின்றது. அதனைச் செய்த நிறுவனத்தின் வழிவந்த 'பிரின்ஸ்' நிறுவனம் 1966 ஆம் ஆண்டிலே நிசானோடு இணைந்தது. 2010 ஆம் ஆண்டிலே 'லீஃப்' என்னும் மின்காரைச் சந்தைக்குக் கொணர்ந்ததும் அந்நிசானே.

தட்டுப்பாட்டினாலே பிறந்த கேள்வி தட்டுப்பாடு தீர்ந்ததும் இறந்தது. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியிலும் இதுவே நிகழ்ந்தது. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டொலரிலிருந்து சில மாதங்களில் 12 டொலரளவுக்கு ஏறியபோது மின்காரைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. 1986 ஆம் ஆண்டிலே எண்ணெய் விலை சரிந்தபோது அப்பேச்சும் அடங்கியது.

அண்மைக் காலத்தில் நிலைமை வேறுபட்டதற்குக் காரணம் மின்கலத்தின் விலையே. 1991 ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்த லிதியம் அயன் மின்கலம், முதலிற் சிறு கருவிகளுக்கே பயன்பட்டது. 2010 ஆம் ஆண்டிலே ஒரு கிலோவாற்று மணி மின்னைச் சேமிக்கும் மின்கலவடுக்கு 1,000 டொலருக்கு மேற்பட்ட விலை பெற்றது. 2024 ஆம் ஆண்டிலே அது 115 டொலரளவுக்கு இறங்கியது. அவ்வாண்டு உலகெங்கும் 1 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்கள் விற்பனையாயின. புதிய கார்களுள் ஐந்தில் ஒன்றுக்குமேல் மின்கார். அவற்றுள் பெரும்பாலானவை சீனத்திலே விற்றவை. சீன அரசு பல்லாண்டுகளாக மானியமும் மின்னேற்று நிலையங்களும் அளித்து வந்தமை இங்கும் மூன்றாம் உறுப்பாகிய நம்பிக்கையை நினைவூட்டுகின்றது.

எம் நாட்டு நிலை

இனி எம் நாட்டை நோக்குவோம். இலங்கையில் ஊர்தியின் விலையை ஆக்குவது தொழிற்சாலை மட்டுமன்று. அரசின் வரியும் அதனை ஆக்குகின்றது. 2015 ஆம் ஆண்டிலே மின்கார்களுக்கான வரி மிகக் குறைவாக இருந்தமையால், யப்பானிலிருந்து பழகிய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கிலே வந்திறங்கின. அவ்வாண்டு நவம்பர் மாதத்து வரவுசெலவுத்திட்டம் அவ்வரியைப் பன்மடங்கு உயர்த்தவே, வரத்து அடங்கிற்று. வண்டியின் தரமோ வாங்குவோர் மனமோ ஒரே மாதத்தில் மாறவில்லை. வரி மாறியது, அவ்வளவே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, செலாவணியைக் காக்கும்பொருட்டு, ஊர்தி இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

அதன்பின் வந்தது 2022. ஏப்பிரில் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் யூன் 26 ஆம் நாள் 470 ரூபாவாயிற்று. யூன் இறுதியிலிருந்து சில நாட்களுக்கு இன்றியமையாச் சேவைகளுக்கன்றிப் பிறர்க்கு எரிபொருள் வழங்கப்படவில்லை. பின்னர்க் கியூ.ஆர். குறியீட்டு முறையிலே பங்கீடு தொடங்கிற்று. குதம் இருந்தது, குதத்தை நிரப்ப டொலர் இல்லை. பிரித்தானியர் இரும்பிலே கட்டிய நம்பிக்கை, செலாவணி வற்றியபோது வெறுங்கலமாயிற்று.

அவ்வாண்டிலே மின்வண்டிமேல் மக்கள் கொண்ட விருப்பத்துக்கு அளவில்லை. ஆயின் இறக்குமதிக்கு வழியில்லை. மின்சாரமும் நாளொன்றுக்குப் பல மணிநேரம் தடைப்பட்டது. எனவே அச்சாரதியின் விருப்பம் கேள்வியாக மாறவில்லை. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தனியார் ஊர்திகளின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், சீனத்திலே செய்த மின்கார்கள் பெருந்தொகையாக நாட்டுக்கு வந்தன. வரிசையிலே நின்ற நினைவே அக்கேள்வியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்று கொள்வதிலே தவறில்லை.

ஒரு கணக்கு

ஆயினும் நினைவு மட்டும் பணம் தராது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. மாணவர்க்கு விளங்கும்பொருட்டு, தொகைகளை எளிமையாகக் கொண்டு ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம்.

பெற்றோல் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் என்றும், லீற்றர் 300 ரூபா என்றும் கொள்வோம். கிலோமீற்றருக்கு 20 ரூபா செலவாகும். மின்கார் ஓர் அலகு மின்னுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் என்றும், அலகு 60 ரூபா என்றும் கொள்வோம். கிலோமீற்றருக்கு 10 ரூபா செலவு. மிச்சம் 10 ரூபா. மின்காரின் விலை 20 இலட்சம் ரூபா கூடுதல் என்றும், அப்பணத்துக்கு வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைப்போம். ஆண்டு வட்டி 2 இலட்சம். ஆண்டொன்றுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியருக்கு மிச்சமாவது 1,20,000 ரூபா. எனவே அவருக்கு 80,000 ரூபா நட்டம். 40,000 கிலோமீற்றர் ஓடும் வாடகை வண்டிக்காரருக்கோ மிச்சம் 4 இலட்சம். வட்டி போக 2 இலட்சம் ஆதாயம்.

இக்கணக்கினால் ஓர் உண்மை புலனாகின்றது. மின்காரினால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் நாள் முழுவதும் ஓடி உழைப்பவர். அதனை முதலில் வாங்குபவரோ கையிலே முதல் உடையவர். தேவையுள்ள இடத்திலே ஆற்றல் இல்லை. ஆற்றலுள்ள இடத்திலே தேவை குறைவு. 20 இலட்சம் என்ற விலை வேறுபாடு 10 இலட்சமாகக் குறைந்தால் அவ்வாசிரியரும் ஆண்டுக்கு 20,000 ரூபா ஆதாயம் காண்பார். இவ்வேறுபாட்டைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை வரியும் வட்டியுமே. இவ்விரண்டிலும் அரசின் கை உண்டு.

இனி நம்பிக்கை. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். முதலில் வந்த லீஃப் கார்கள் ஒருமுறை மின்னேற்றினால் இத்தூரத்திலே பாதியைக் கடப்பதே அரிது. மின்கலத்தைக் குளிர்விக்கும் தனி ஒழுங்கற்ற அத்தகைய வண்டிகள் வெப்பநாடுகளிலே சேமிப்பாற்றலை விரைவாக இழந்தன. எம் ஊர்க் கோடை வெயிலோ யாவரும் அறிந்தது. எனவே கொழும்பிலே அலுவலகம் சென்று மீள்பவனுக்குப் போதுமான வண்டி, இம்மாவட்டத்தானுக்குப் போதவில்லை. புதிய வண்டிகள் இதனினும் நெடுந்தூரம் செல்வன. ஆயினும் மின்னேற்று நிலையங்கள் நெடுஞ்சாலை நெடுகிலும் ஒழுங்காக அமைந்தாலன்றி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டுப்புறத்தான் கொண்ட ஐயமே எம்மவர்க்கும் எழும்.

சம்பூர் வெயில்

மின்சாரம் எங்கிருந்து வருவது என்பது அடுத்த வினா. இறக்குமதி செய்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து ஆக்கிய மின்னால் கார் ஓடின், செலாவணிச் சுமை ஓரளவு குறையுமேயன்றி முற்றாக நீங்காது. இவ்விடயத்திலே எம் மாவட்டமே ஒரு பாடநூல். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரிலே நிலக்கரி மின்னிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. 2016 ஆம் ஆண்டிலே அது கைவிடப்பட்டது. அதே சம்பூரிலே 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கான வேலை 2025 ஆம் ஆண்டு ஏப்பிரில் 5 ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. நிலக்கரிக்குக் குறித்த ஊர் வெயிலுக்கு உரியதாகியது.

சூரிய மின்னுக்கு ஒரு குறையுண்டு: அது நண்பகலிலே மிகும், மாலையிலே மறையும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்னிலையத்திலே குரங்கொன்றினால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளிலாழ்த்தியது. விடுமுறை நாளிலே மின்பாவனை குறைந்தும், சூரிய மின் மிகுந்தும் இருந்தமையால், மின்வலையமைப்பு அவ்வதிர்ச்சியைத் தாங்கும் வலுவின்றி இருந்தது என்று கூறப்பட்டது. நண்பகலிலே வேண்டுவாரின்றி மிகும் மின்னை வாங்கிச் சேமிக்கவல்லது யாது? நிறுத்திவைத்த காரின் மின்கலமே. அவ்வேளையில் மின்னேற்றுவோருக்கு விலைச்சலுகை அளிப்பின், ஒரு பொருளின் மிகுநிரம்பல் மற்றொன்றின் கேள்விக்குத் துணையாகும். போருக்குப் பிந்திய யப்பானிலே எஞ்சிய மின்சாரம் தாமாவை ஓட்டியது போன்றதே இதுவும்.

முடிவுரை

மின்கார் வந்தால் எண்ணெய்க் கவலை தீர்ந்தது என்று எளிதாக முடித்துவிடலாகாது. அன்று பாரசீகத்து எண்ணெயை நம்பினோம். நாளை சீனத்து மின்கலத்தை நம்பியிருப்போம். மின்கலம் ஒருமுறை வாங்குவது, எண்ணெய் நாள்தோறும் வாங்குவது என்னும் வேறுபாடு பெரிதேயாயினும், பிறரை நம்பும் நிலை முற்றும் ஒழியாது. கார் இல்லாதோரையும் மறத்தலாகாது. 2022 ஓகத்து மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரப் படகுகளிலே கடலுக்குச் செல்லும் எம் மீனவர் பட்ட துன்பத்தை நாம் கண்டோம். செல்வர் வீட்டு வாயிலிலே மின்கார் நிற்க, கடற்கரையிலே படகு எண்ணெயின்றிக் கிடக்குமாயின், அதனை நாட்டின் முன்னேற்றம் என்று கூறுதல் பொருந்தாது. பேருந்தும் முச்சக்கரவண்டியும் மீன்படகும் முதலில் இம்மாற்றத்தின் பயனைப் பெறுமாறு வரியும் கடனுதவியும் அமைதல் வேண்டும்.

வரிசையிலே நின்ற அச்சாரதியின் வினாவுக்கு இன்று விடை கூறலாம். வண்டி உலகத்திலே இருந்தது. விரும்பும் மனமும் இருந்தது. வாங்கும் ஆற்றலைத் தரும் கடனும், நாளை மாறாத வரியும், வழியெங்கும் மின்னேற்றும் நிலையங்களும் இல்லை. ஓர் அரசு தன் கப்பல்களுக்காக இக்காட்டிலே நூறளவு குதங்களைக் கட்டியது. தன் குடிகளின் சிறு வண்டிகளுக்காக அவ்வளவு முன்னோக்கோடு இன்னும் எவரும் கட்டவில்லை. சீனக்குடா வழியே செல்லும் மாணவர் அக்குதங்களைப் பழம்பொருளாக மட்டும் பாராமல், ஒரு பாடமாகவும் பார்ப்பாராக. கேள்வி என்பது வாங்குவோன் உள்ளத்தே தானாக முளைப்பதன்று. முளைப்பதற்குரிய நிலத்தைப் பண்படுத்துவோர் வேண்டும்.